ஐபிவி6 டிக்கை எடுப்பதா, விடுவதா? நெட்வொர்க் கார்டில் நான்கு வழிகள்

"நெட் இழுக்குது. ஐபிவி6 டிக்கை எடுத்தா சரியாயிடும்னு ஒரு வீடியோவில் சொன்னாங்க. எடுக்கலாமா?" மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இந்தக் கேள்வி எனக்கு வருகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் டிக்கை ஏற்கெனவே எடுத்துவிட்டு, "எடுத்தது தப்பா?" என்று கேட்பவர்கள். சிலர் அலுவலகத்தில் இருபது முப்பது கணினிகளிலும் எடுத்துவிட்டு வருகிறார்கள்.

ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் நெட்வொர்க்கில் கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் முறைகள்: 4 பழையது, 6 புதியது. டிக்கை எடுப்பது, சும்மா விடுவது தவிர இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆக மொத்தம் நான்கு. எது எங்கே பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தச் சின்னக் கட்டத்தில் இருக்கும் டிக் உண்மையில் என்ன செய்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

## டிக் என்பது ஒரு பிணைப்பு

விண்டோஸில் ஈதர்நெட் அல்லது வைஃபை மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸுக்குப் போனால், மேலே கார்டின் பெயரும் கீழே ஒரு பட்டியலும் வரும். மைக்ரோசாஃப்ட் கிளையன்ட், ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங், ஐபிவி4, ஐபிவி6, இன்னும் சில. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம். டிக் இருந்தால் அந்த நெறிமுறை இந்தக் கார்டோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். டிக்கை எடுத்தால் அந்தப் பிணைப்பு மட்டும் அறுகிறது. நெறிமுறை கணினியிலேயே இருக்கும், மற்றக் கார்டுகளோடு அதற்குள்ள பிணைப்பும் அப்படியே இருக்கும்.

இந்த ஏற்பாடு பழையது. 1980களின் கடைசியில் மைக்ரோசாஃப்டும் த்ரீகாம் நிறுவனமும் சேர்ந்து என்டிஐஎஸ் என்ற இடைமுகத்தை வகுத்தன. கார்டின் டிரைவர் கீழே, நெறிமுறைகள் மேலே, நடுவில் என்டிஐஎஸ். ஒரே கார்டில் பல நெறிமுறைகள் உட்காரலாம், ஒரே நெறிமுறை பல கார்டுகளிலும் உட்காரலாம். இன்றைய விண்டோஸிலும் அடிப்படை இதுதான்.

டிக்கை எடுக்கச் சொல்லும் அறிவுரையும் அந்தக் காலத்திலிருந்தே வருகிறது. விண்டோஸ் 95இல் நெட்வொர்க் கார்டைச் செருகினால் நெட்பியூஐ, ஐபிஎக்ஸ் என்ற அன்றைய நெறிமுறைகள் இரண்டும் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். இன்டர்நெட் வேண்டும் என்றால் டிசிபி/ஐபியை நாம் சேர்ப்போம். மூன்றும் ஒரே கார்டில் இருக்கும்போது பக்கத்துக் கணினியைத் தேடுவதே பெரும்பாடு. தேவையில்லாததை எடுத்தால் உடனே வேகம் தெரியும். டயல்அப் இணைப்பில் ஃபைல் ஷேரிங் பிணைந்திருந்தால் நம் ஹார்டு டிஸ்க்கை உலகமே எட்டிப் பார்க்கும் அபாயமும் இருந்தது. அன்றைக்கு டிக்கை எடுக்கச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஐபிவி6 அந்த நெட்பியூஐ மாதிரி விட்டுப்போன பழைய சரக்கு கிடையாது. விஸ்டாவிலிருந்து அது விண்டோஸின் கட்டாயப் பகுதி. அதை அணைக்க வேண்டாம் என்றும், அணைத்தால் சில பகுதிகள் வேலை செய்யாமல் போகலாம் என்றும் மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அதே ஜன்னலில் அன்இன்ஸ்டால் என்று ஒரு பொத்தான் இருக்கும். டிக்கை எடுப்பது இந்த ஒரு கார்டுக்கு மட்டும். அன்இன்ஸ்டால் செய்தால் எல்லாக் கார்டுகளிலிருந்தும் போய்விடும். ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் அந்தப் பொத்தான் மங்கலாகத்தான் இருக்கும், அழுத்த முடியாது. மைக்ரோசாஃப்ட் கிளையன்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் அழுத்த முடியும். அவசரத்தில் அதை அழுத்திவிட்டு, "ஷேர் ஃபோல்டர் எதுவுமே திறக்கல" என்று கூப்பிட்டவர்கள் உண்டு.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்விகள் கேட்பேன்.

எவ்வளவு தூரம் எட்டும்? ஒரு கார்டுக்கா, முழுக் கணினிக்கா, அலுவலகத்தில் உள்ள எல்லாக் கணினிக்குமா?

நிலைக்குமா? நாளைக்கு ஒரு புதுக் கார்டு செருகினாலோ டிரைவரை மாற்றினாலோ, செய்தது அப்படியே இருக்குமா?

பக்க விளைவு என்ன? இன்று தெரியாமல் ஆறு மாதம் கழித்து முளைப்பது எது?

மூன்றாம் ஆளுக்குத் தெரியுமா? நீங்கள் செய்ததை வேறொருவர் வந்து பார்த்தால் கண்டுபிடிக்க முடியுமா? பலரும் இதைக் கேட்பதே இல்லை. என் அனுபவத்தில் அதிக நேரத்தைத் தின்பது இந்தக் கேள்விதான்.

## ஒரு மளிகைக் கடையில் நடந்தது

திருநெல்வேலியில் ஒரு மொத்த வியாபார மளிகைக் கடை. ஒரு சர்வர், ஆறு பில்லிங் கணினிகள். சர்வரைப் புதிதாக மாற்றிய பிறகு, பில்லிங் மென்பொருளைத் திறந்தால் திரை அப்படியே நின்றுவிடும். கைபேசியில் நேரம் பார்த்தேன்: 21 விநாடி. அப்புறம் எதுவுமே நடக்காதது மாதிரி திறந்துகொள்ளும். காலையில் மூட்டை ஏற்ற வண்டிகள் வரிசையில் நிற்கும்போது 21 விநாடி என்பது நீண்ட நேரம்.

நான் போவதற்கு முன்பே அண்ணாச்சியின் அக்கா மகன் மூன்று கணினிகளில் ஐபிவி6 டிக்கை எடுத்துவிட்டிருந்தான். அந்த மூன்றும் சட்டென்று திறந்தன. "தம்பி, மூணுல எடுத்தான், மூணும் நல்லா ஓடுது. மிச்ச மூணுலயும் எடுத்து விட்டுருங்க, சோலி முடிஞ்சுது" என்றார் அண்ணாச்சி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த மூன்றில் ஒன்று முந்தின நாளிலிருந்து மறுபடியும் நின்று நின்றுதான் திறந்தது. விசாரித்தால், கல்லாவை வாசல் பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள். கேபிள் எட்டாததால் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். டிக்கை எடுத்தது பழைய கேபிள் கார்டில். டாங்கிள் புதுக் கார்டு, அது தன் பட்டியலில் எல்லா டிக்கோடும் வந்து உட்கார்ந்துவிட்டது.

காரணத்தைத் தேடினேன். சர்வரின் பெயரைப் போட்டு பிங் (அந்தப் பக்கம் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால், எஃப்இ80 என்று தொடங்கும் முகவரி வந்தது. அது ஐபிவி6இன் உள்வட்ட முகவரி, அந்தக் கடையின் உள் நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும். பில்லிங் மென்பொருளோ பழையது, ஐபிவி4இல் மட்டும்தான் காது கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் கணினி முதலில் ஐபிவி6 முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டுகிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் யாருமில்லை. சர்வரின் ஃபயர்வால் "ஆள் இல்லை" என்றுகூடச் சொல்லாமல் பேசாமல் இருந்துவிடுகிறது. கணினி 3 விநாடி, 6 விநாடி, 12 விநாடி என்று காத்துக் காத்து மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஐபிவி4க்குத் திரும்புகிறது. கூட்டிப் பாருங்கள், 21.

ஆக, ஐபிவி6 இருந்தது சிக்கல் இல்லை. அது முதலில் நின்றதுதான் சிக்கல். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் நான்கு வழிகளும் தெளிவாகப் புரியும்.

## வழி 1: டிக்கைத் தொடாமல் காரணத்தைச் சரிசெய்வது

கடையில் நான் கடைசியில் செய்தது பெரும்பாலும் இதைத்தான். ரூட்டரில் சர்வருக்கு ஒரு ஐபிவி4 முகவரியை ஒதுக்கிவைத்தேன். பில்லிங் மென்பொருளின் செட்டிங்கில் சர்வர் பெயர் இருந்த இடத்தில் அந்த எண்ணைப் போட்டேன். எடுத்த டிக்குகளையெல்லாம் திரும்ப வைத்தேன். அரை மணி நேர வேலை.

வீட்டு இணையத்தில் ஐபிவி6 தொல்லை தருகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது இரண்டு காரணங்கள்.

முதலாவது, செத்துப்போன முகவரி. மோடம் தனி, ஸ்விட்ச் தனி, கணினியும் ஸ்விட்ச்சும் யூபிஎஸ்ஸில். கரண்ட் போய் வந்ததும் மோடம் மட்டும் புதிதாக எழுந்து, இணைய நிறுவனத்திடமிருந்து வேறொரு முன்னொட்டை (முகவரியின் முன்பகுதியை) வாங்கி வருகிறது. கணினிக்குக் கேபிள் அறுந்ததாகவே தெரியாது. பழைய முகவரியையும் வைத்துக்கொண்டு புதியதையும் சேர்த்துக்கொள்ளும். ஐபிவி6 விதிப்படி ரூட்டர் எதுவும் தனியாகக் குறிப்பிடாவிட்டால் ஒரு முகவரியை 7 நாள் வரை விரும்பிப் பயன்படுத்தலாம், 30 நாள் வரை வைத்திருக்கலாம். பழைய முகவரியிலிருந்து கிளம்பும் எதற்கும் பதில் வராது. இங்கேதான் டிக் ஏமாற்றிவிடுகிறது: டிக்கை எடுத்ததும் பழைய முகவரியும் சேர்ந்து போய்விடுவதால் எல்லாம் சரியாகிவிடும். "பார்த்தீங்களா, ஐபிவி6தான் வில்லன்" என்று தோன்றும். டிக்கைத் திரும்ப வைத்துப் பாருங்கள். அப்போதும் நன்றாக ஓடினால், குற்றவாளி அந்தப் பழைய முகவரிதான்.

இரண்டாவது, பாதியில் நிற்கும் பக்கங்கள். சில தளங்கள் திறக்கும், சில தளங்கள் தலைப்பு மட்டும் வந்து சுற்றிக்கொண்டே இருக்கும். பிராட்பேண்டில் பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும்) முறை இருந்தால் ஒரு பொட்டலத்தின் அளவு 1500 பைட்டிலிருந்து 1492க்குச் சுருங்குகிறது. ஐபிவி6இல் நடுவழி ரூட்டர்கள் பெரிய பொட்டலத்தை உடைத்து அனுப்பாது. "பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு" என்று பிழைச் செய்திகளுக்கான ஐசிஎம்பி வழியாகத் தகவல் சொல்லும், அவ்வளவுதான். பாதுகாப்பு என்று நினைத்து யாராவது ஃபயர்வாலில் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தால் அந்தத் தகவல் வந்துசேராது. சின்னப் பொட்டலங்கள் போகும், பெரியவை தொலையும். மருந்து ஃபயர்வாலில் இருக்கிறது, கணினியின் டிக்கில் இல்லை.

இந்த வழியின் செலவு நேரமும் பொறுமையும். ரூட்டரின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். வாடகை வீட்டிலோ விடுதியிலோ ரூட்டர் வேறொருவர் பொறுப்பில் இருந்தால் இந்த வழி மூடியே இருக்கும். அதற்காகத்தான் மற்ற மூன்றும்.

## வழி 2: ஒரு கார்டில் மட்டும் டிக்கை எடுப்பது

எளிது, உடனே பலன் தெரியும். கார்டு ஒரு கணம் விட்டு மீண்டும் இணையும், ரீஸ்டார்ட் தேவையில்லை. திரும்ப வைப்பதும் அதே அளவு எளிது. மூன்றாம் ஆள் வந்தாலும் ஜன்னலைத் திறந்ததும் தெரிந்துவிடும். பவர்ஷெல் கட்டளைத் திரையில் கெட்-நெட்அடாப்டர்பைண்டிங் என்று கேட்டால் எல்லாக் கார்டுகளின் பிணைப்புகளும் ஒரே பட்டியலாக வரும்.

மறைந்திருக்கும் செலவுகளில் டாங்கிள் கதையை மேலே பார்த்தோம். டாக் (மடிக்கணினியை மாட்டும் தளம்), விபிஎன் (போக்குவரத்தைச் சுரங்கம் போல் மறைத்து அனுப்பும் சேவை), மெய்நிகர் கணினி எதைச் சேர்த்தாலும் ஒரு புதுக் கார்டு முளைக்கும், அதன் டிக்குகள் தனி. டிரைவரை நீக்கி மறுபடியும் போட்டால் பழைய டிக்கெல்லாம் திரும்பி வந்துவிடக்கூடும். டிக்கை எடுத்தாலும் கணினிக்குள்ளேயே சுற்றும் லூப்பேக் பாதையிலும் டன்னல்களிலும் ஐபிவி6 உயிரோடுதான் இருக்கும். "முழுசா எடுத்துட்டேன்" என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

இன்னொரு செலவு இந்தியாவில் குறிப்பாகப் பொருந்தும். இங்கே மொபைல் நிறுவனங்களும் பிராட்பேண்ட் நிறுவனங்களும் ஐபிவி6ஐப் பெரிய அளவில் கொடுக்கின்றன. ஐபிவி4 முகவரிகள் போதாததால் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்குகிறார்கள். உங்கள் ரூட்டரின் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்த வரிசையில் இருக்கிறீர்கள். ஐபிவி6ஐ அறுத்தால் உங்கள் போக்குவரத்து முழுவதும் அந்த நெரிசலான ஒற்றைக் கதவு வழியாகத்தான் போகும். வெளியிலிருந்து வீட்டு கேமராவைப் பார்க்க, நண்பர்களோடு நேரடியாக விளையாட, நேர்வழியாக இருந்தது ஐபிவி6தான்.

ஆனால் இந்த வழி உண்மையிலேயே சிறந்ததாக இருக்கும் இடங்கள் உண்டு. உங்கள் விபிஎன் ஐபிவி4ஐ மட்டும் சுரங்கத்துக்குள் எடுத்துச் செல்கிறது என்றால், ஐபிவி6 போக்குவரத்து வெளியே கசிந்து உங்கள் உண்மையான முகவரியைக் காட்டிவிடும். விபிஎன்னை மாற்ற முடியாத நிலையில் வைஃபை கார்டில் ஐபிவி6 டிக்கை எடுப்பது சரியான முடிவு. ஒரு லேத் மெஷினையோ பிஎல்சியையோ (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) மட்டும் இணைக்கும் இரண்டாவது கார்டு இருந்தால் அதிலும் எடுக்கலாம். அங்கே ஐபிவி6 பேச ஆளே இல்லை. பிறகு, காரணத்தைக் கண்டறியும் சோதனையாக ஐந்து நிமிடம் எடுத்துப் பார்ப்பது எப்போதும் நல்லதுதான். பலரும் சோதனையோடு நின்றுவிடுவதுதான் தொல்லை.

ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்குக்கும் இந்த வழியைத் தாராளமாகச் சொல்வேன். வெளி உலகைப் பார்த்திருக்கும் கார்டில் அந்த டிக் இருக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர் பரவியது ஃபைல் ஷேரிங்கின் 445ஆம் போர்ட் வழியாகத்தான். டிக்கை எடுத்தாலும் அப்டேட்டும் ஃபயர்வாலும் தேவைதான், இது அவற்றுக்கு மேல் போடும் இன்னொரு தாழ்ப்பாள்.

## வழி 3: ஐபிவி6 இருக்கட்டும், ஐபிவி4 முதலில் நிற்கட்டும்

இந்த நான்கில் மிகக் குறைவாகத் தெரிந்ததும், அதிகம் பயன்பட வேண்டியதும் இதுதான் என்பது என் கருத்து.

ஒரு பெயருக்கு ஐபிவி4, ஐபிவி6 இரண்டு முகவரியும் கிடைத்தால் எதை முதலில் முயல்வது என்பதற்கு விண்டோஸில் ஒரு மதிப்பெண் அட்டவணை உண்டு. சாதாரண ஐபிவி6க்கு 40, ஐபிவி4க்கு 35. அதனால்தான் மளிகைக் கடையில் கணினிகள் முதலில் ஐபிவி6 கதவையே தட்டின. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) டிசிபிஐபி6 சேவையின் பாராமீட்டர்ஸ் பகுதியில் டிஸேபிள்டு காம்பொனென்ட்ஸ் என்ற பெயரில் ஒரு டிவேர்டு மதிப்பை உருவாக்கி, தசமத்தில் 32 கொடுத்தால் (ஹெக்ஸில், அதாவது 16 அடிப்படையிலான எண்முறையில், 20) ஐபிவி4 மேலே வந்துவிடும். கணினியை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஐபிவி6 அணைவதில்லை, அதை மட்டும் வைத்திருக்கும் தளங்களும் கருவிகளும் வழக்கம்போல் வேலை செய்யும். மைக்ரோசாஃப்டும், கட்டாயம் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் இதைச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறது.

இந்த மாற்றம் முழுக் கணினிக்கும் பொருந்தும். நாளைக்கு டாங்கிளைச் செருகினாலும் டாக்கை மாட்டினாலும் வரிசை மாறாது. மளிகைக் கடையில் ஒரு கணினியில் இருந்த பழைய ரிப்போர்ட் மென்பொருள் எண்ணை ஏற்கவில்லை, சர்வர் பெயர்தான் வேண்டும் என்றது. அந்த ஒன்றில் மட்டும் இந்த 32ஐப் போட்டேன். டாங்கிள் இருந்த கணினியும் அதுதான்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு, சின்னது இல்லை: வெளியே எதுவும் தெரியாது. பிராப்பர்ட்டீஸ் ஜன்னலில் ஐபிவி6 டிக் அப்படியே இருக்கும். அடுத்து வருபவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு எல்லாம் இயல்பாக இருக்கிறது என்று நினைப்பார். கூடவே, தட்டச்சில் ஒரு எண் தவறினாலும் வேறு பொருள் வந்துவிடும், தசமமா ஹெக்ஸா என்று பார்த்துப் போடுங்கள். எல்லாக் கணினிகளையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் டொமைன் இருக்கும் அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாகப் போகாமல் குரூப் பாலிசி வழியாக ஒரே தடவையில் எல்லாக் கணினிக்கும் கொண்டுபோகலாம். அப்படிச் செய்தால் எங்கே என்ன செய்தோம் என்பதும் பதிவாகிவிடும்.

உலாவியில் மட்டும் மெதுவாக இருக்கிறது என்பவர்களுக்கு இந்த வழி பெரிய வித்தியாசம் தராது. இன்றைய உலாவிகள் ஐபிவி6ஐ முயன்று கால் விநாடியளவு காத்திருந்து, பதில் இல்லையென்றால் ஐபிவி4ஐயும் இணையாகத் தொடங்கிவிடும். எது முதலில் பதில் தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். 21 விநாடி நிற்பதெல்லாம் இந்த உத்தி இல்லாத பழைய மென்பொருள்களில்தான்.

## வழி 4: முழுவதுமாக அணைப்பது

அதே மதிப்பில் 32க்குப் பதில் 255 போட்டால் லூப்பேக் தவிர எல்லா இடத்திலும் ஐபிவி6 போய்விடும். இதை நான் யாருக்கும் முதலில் சொல்வதில்லை. பாதுகாப்புத் தணிக்கை எழுத்துமூலம் கேட்டால், அல்லது ஐபிவி6 இருந்தாலே கவிழ்ந்துவிடும் ஒரு மென்பொருளுக்கு மாற்றே இல்லாவிட்டால் மட்டும்.

255க்குப் பதில் ஹெக்ஸில் எட்டு எஃப்களை வரிசையாகப் போடச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. விண்டோஸ் 7 காலத்தில் அப்படிப் போட்டவர்களுக்கு ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் 5 விநாடி தாமதம் கூடியது. சரியான மதிப்பு 255தான். டைரக்ட்ஆக்சஸ் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் இணைக்கும் மைக்ரோசாஃப்ட் வசதி) போல ஐபிவி6 மேலேயே கட்டப்பட்டவை இந்த நிலையில் ஓடாது. எக்ஸ்சேஞ்ச் மெயில் மென்பொருள் ஓடும் சர்வரிலும் டொமைன் கன்ட்ரோலரிலும் இதையோ வழி 2ஐயோ சோதனைக்காகக்கூடச் செய்யாதீர்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | காரணத்தைச் சரிசெய்வது | ஒரு கார்டில் டிக் எடுப்பது | ஐபிவி4 முதலில் (32) | முழு அணைப்பு (255) |
|---|---|---|---|---|
| எட்டும் தூரம் | சிக்கல் இருக்கும் இடம் மட்டும் | அந்த ஒரு கார்டு | முழுக் கணினி | முழுக் கணினி |
| ரீஸ்டார்ட் | பெரும்பாலும் வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் | வேண்டும் |
| புதுக் கார்டு வந்தால் | பாதிப்பில்லை | மறுபடியும் எடுக்க வேண்டும் | அப்படியே நிலைக்கும் | அப்படியே நிலைக்கும் |
| அடுத்தவர் கண்ணுக்கு | ரூட்டரிலும் மென்பொருளிலும் தெரியும் | ஜன்னலில் தெரியும் | தெரியாது | தெரியாது |
| இழப்பு | நேரம் | அந்தக் கார்டில் ஐபிவி6 வசதிகள் | மிகக் குறைவு | ஐபிவி6ஐ நம்பியிருப்பவை எல்லாம் |
| பொருந்தும் இடம் | ரூட்டர் நம் கையில் இருந்தால் | விபிஎன் கசிவு, மெஷின் கார்டு, சோதனை | பழைய மென்பொருள், பல கார்டுகள் | எழுத்துமூல விதி |

## டிக்கோடு குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்கள்

கேபிளும் வைஃபையும் ஒன்றாக இணைந்திருக்கும்போது எது முதலில் போகும் என்று கேட்டு, வைஃபையில் டிக்கை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தீர்மானிப்பது மெட்ரிக் என்ற எண், டிக்குக்கு அதில் வேலையில்லை. எண் சின்னதாக இருப்பது முந்திக்கொள்ளும். விண்டோஸ் 10இல் கிகாபிட் கேபிளுக்குத் தானாகக் கிடைப்பது 25, வைஃபைக்கு வழக்கமாக அதைவிடப் பெரிய எண். பழைய விண்டோஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் கார்டுகளை மேலும் கீழும் நகர்த்தும் பைண்டிங் ஆர்டர் இருந்தது. 10இல் அதன் இடத்தையும் மெட்ரிக் எடுத்துக்கொண்டது. கேபிளை விட்டு வைஃபையில் போகிறது என்றால் மெட்ரிக்கைப் பாருங்கள், பிணைப்பைத் தொடாதீர்கள்.

அப்புறம், எல்லா டிக்கும் இருக்க வேண்டும் என்று நினைத்து இல்லாததையெல்லாம் வைத்துவிடுபவர்கள். மல்டிபிளெக்ஸர் புரோட்டோகால் என்று பட்டியலில் ஒன்று டிக் இல்லாமல் இருக்கும். இரண்டு கார்டுகளை ஒன்றாகச் சேர்க்கும்போது மட்டும் தேவைப்படுவது அது, டிக் இல்லாமல் இருப்பதுதான் சரி. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்-வி போட்ட கணினியில் இதைவிட மிரளவைக்கும் காட்சி இருக்கும். உண்மையான கார்டைத் திறந்தால் ஐபிவி4 டிக்கே இருக்காது, மெய்நிகர் ஸ்விட்சுக்கான டிக் மட்டும் நிற்கும். யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று பதறி வைத்துவிடாதீர்கள். நெறிமுறைகள் எல்லாம் வி-ஈதர்நெட் என்ற புதுக் கார்டுக்கு மாறிப் பிணைந்திருக்கின்றன. உண்மையான கார்டில் கைவைத்தால் மெய்நிகர் கணினிகளின் இணைப்பும் சேர்ந்து போகும்.

## நான் போகும் வரிசை

முதலில் டிக்கை எடுத்து ஐந்து நிமிடம் பார்ப்பேன். சரியானால் உடனே திரும்ப வைத்து இன்னொரு ஐந்து நிமிடம் பார்ப்பேன். சிக்கல் திரும்பி வரவில்லையென்றால் பழைய முகவரி, ரூட்டர் பக்கம் போவேன். திரும்பி வந்தால், பெயரைப் போட்டு பிங் அடித்து எந்த முகவரி வருகிறது என்று பார்ப்பேன். பிங்கை ஐபிவி4இல் மட்டும், ஐபிவி6இல் மட்டும் என்று தனித்தனியாகக் கட்டாயப்படுத்தியும் பார்க்கலாம். ஒன்று போய் இன்னொன்று போகாவிட்டால் காரணத்தின் பக்கத்தில் வந்துவிட்டோம். காரணம் என் கைக்கு எட்டினால் வழி 1, எட்டாவிட்டால் வழி 3. வழி 2ஐ நிரந்தரமாக வைப்பது விபிஎன் மாதிரிக் காரணம் இருந்தால் மட்டும்.

வழி 3 செய்த கணினியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுவேன். அந்த மளிகைக் கடையில் வாசல் கல்லாவுக்குக் கீழே இருக்கும் சிபியூவின் பக்கவாட்டில் இன்றைக்கும் இருக்கிறது: "ரெஜிஸ்ட்ரியில் ஐபிவி4 முதலில், மதிப்பு 32. ரிப்போர்ட் மென்பொருள் மாறியதும் நீக்கவும்." கீழே தேதி. புது ரிப்போர்ட் மென்பொருள் வந்ததும் தானே நீக்கிவிடுவதாக அண்ணாச்சியின் அக்கா மகன் சொல்லியிருக்கிறான். மற்ற ஐந்து கணினிகளுக்கும் சீட்டு தேவைப்படவில்லை. அங்கே எல்லா டிக்கும் இருந்த இடத்தில் இருக்கின்றன.